குச்சி அணைந்தது, சரி. வாயு எது?

"சாரே, அணைஞ்சு போச்சு. கார்பன் டை ஆக்சைடு."

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் என் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் படிக்க வருவார்கள். அதில் ஒருவன்தான் இப்படிச் சொன்னான். சொன்னதோடு நிற்கவில்லை, நோட்டில் எழுதி அடியில் கோடும் போட்டுவிட்டான். ஆனால் அவன் எரியும் குச்சியை விட்டுப் பார்த்த பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதில் இருந்தது கிட்டத்தட்ட முழுக்க நைட்ரஜன்.

அவனைக் குறை சொல்ல முடியாது. 'பாப் என்று வெடித்தால் ஹைட்ரஜன், பளிச்சென்று எரிந்தால் ஆக்சிஜன், அணைந்தால் கார்பன் டை ஆக்சைடு' என்று மூன்று வரியை மனப்பாடம் செய்துதான் எல்லாரும் வருகிறார்கள். தேர்வுக்கு அது போதும். கையில் பெயர் ஒட்டாத ஒரு பாட்டிலைக் கொடுத்தால் அந்த மூன்று வரியும் கைவிட்டுவிடும். காரணம், தீ எந்த வாயுவுக்கும் பெயர் சொல்வதில்லை. நாம் கேட்கிற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும், அவ்வளவுதான்.

கேள்வி இரண்டே இரண்டு. நீ எரிவாயா? நீ எரியாவிட்டாலும் மற்றதை எரியவிடுவாயா? ஹைட்ரஜன், மீத்தேன், நம் வீட்டு சமையல் கேஸ் எல்லாம் முதல் கேள்விக்கு ஆமாம் சொல்லும். ஆக்சிஜன் முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதற்கு ஆமாம். கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் இரண்டுக்குமே இல்லை. பையன் மாட்டிக்கொண்டது இந்தக் கடைசிக் கூட்டத்தில்தான்.

கேள்வி இரண்டு என்பதால் குச்சியும் இரண்டு விதம். ஒன்று கொழுந்துவிட்டு எரியும் குச்சி. இன்னொன்று கொழுந்தை ஊதி அணைத்த பிறகு நுனியில் கங்கு மட்டும் கனன்றுகொண்டிருக்கும் குச்சி. லேபில் மெல்லிய மரக்குச்சி இருக்கும். வீட்டில் எரியும் குச்சிக்குக் காய்ந்த தென்னை ஈர்க்கில் போதும், நீளமாக இருப்பதால் கை சுடாது. கங்குக்கு ஊதுபத்தியை அடிக்க ஆளில்லை, கால் மணி நேரம் ஆனாலும் கனன்றுகொண்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஆனி, ஆடியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் குச்சி அணைந்தால் அது வாயுவின் பதில் இல்லை, காற்றாலைக்காரர்களின் சந்தோஷம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிளஸ் டூவில் சுடர் சோதனை என்று ஒன்று வரும். அது உப்பில் இருக்கிற உலோகத்தைக் கண்டுபிடிப்பது. கால்சியம் செங்கல் சிவப்பு, பேரியம் இளம் பச்சை என்று சுடரின் நிறத்தைப் பார்ப்பார்கள். புத்தளம் உப்பளத்து உப்பை ஒரு சிட்டிகை அடுப்புச் சுடரில் தூவினால் பளீரென்று மஞ்சள் அடிக்குமே, அது சோடியம். நாம் இங்கே பேசுவது அதுவல்ல. இங்கே சுடரின் நிறம் பெரிய விஷயமில்லை, சுடர் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

சரி, ஹைட்ரஜன். சோதனைக்குழாயில் இரண்டு துத்தநாகத் துண்டு, மேலே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம். குமிழ் கிளம்பும். குழாயின் வாயைக் கையுறை போட்ட கட்டைவிரலால் மூடினால் சில வினாடிகளில் உள்ளே இருந்து ஒரு தள்ளல் தெரியும். விரலை எடுத்த உடனே எரியும் குச்சியை வாயருகே கொண்டுபோனால் 'பாப்'. சில சமயம் குட்டி நாய் குரைக்கிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். சத்தம் அடங்கியதும் எல்லாரும் சிரித்துவிட்டுக் குழாயை வைத்துவிடுவார்கள். வைக்காதீர்கள், குழாயின் வாய்ப் பக்கம் உள்சுவரைப் பாருங்கள். மெல்லிய பனி படிந்த மாதிரி இருக்கும். அது தண்ணீர். ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தான் வரும். அமிலமே தண்ணீரில் கரைந்ததுதானே, அந்த ஈரமாக இருக்கக்கூடாதா என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் வேறொரு காய்ந்த குழாயைத் தலைகீழாகப் பிடித்து வாயுவை அதில் ஏற்றி, அதைக் கொளுத்திப் பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் காற்றைவிடச் சுமார் 14 மடங்கு லேசு. கவிழ்த்த குழாயில் தானே ஏறிக்கொள்ளும், நிமிர்த்தினால் ஓடிப்போய்விடும்.

சத்தம் எதனால்? குழாயில் ஹைட்ரஜன் மட்டும் இருந்தால் சத்தமே பெரிதாக வராது. வாயில் மட்டும் நின்று அமைதியாக எரியும். அந்தச் சுடர் மங்கலான நீலம், பகலில் கண்ணுக்கே தெரியாது, கண்ணாடியில் இருக்கிற சோடியத்தால் கொஞ்சம் மஞ்சளாகவும் தெரியலாம். காற்றோடு கலந்திருந்தால்தான் மொத்தமும் ஒரே நொடியில் பற்றி, சூடாகி விரிந்து, குழாய் ஊதல் போல ஒலிக்கும். காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் பற்றும். அதனால்தான் இது சோதனைக்குச் சுலபம், அதே காரணத்தால்தான் ஆபத்தும். ஒரு சோதனைக்குழாய் அளவுக்கு மேல் வேண்டாம். குடுவையில் வாயு தயாரித்துக்கொண்டிருக்கும்போதே வெளியேறும் குழாயின் நுனியில் தீ வைக்கவே கூடாது. உள்ளே காற்று கலந்திருந்தால் தீ பின்னோக்கி ஓடிக் குடுவையே சிதறும். 1766-இல் ஹென்றி கேவண்டிஷ் இந்த வாயுவை ஆராய்ந்து வெளியிட்டபோது 'தீப்பற்றும் காற்று' என்றுதான் குறிப்பிட்டார். பொருத்தமான பெயர்.

இப்போது மனப்பாட வரியில் முதல் ஓட்டை. 'பாப்' என்றால் ஹைட்ரஜன்தானா? சமையல் அடுப்பைத் திருகிவிட்டு லைட்டரைத் தேடி எடுத்து அடிப்பதற்குள் இரண்டு நொடி போனால் 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அங்கே ஹைட்ரஜன் எங்கே வந்தது? எரிகிற எந்த வாயுவும் காற்றோடு சரியான அளவில் கலந்தால் வெடிக்கும். மீத்தேனுக்கு அந்த அளவு சுமார் 5 முதல் 15 சதவீதம்தான். அதனால் குறி தப்புவது அதிகம், ஆனால் தப்பாத சமயமும் உண்டு. பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. எரிந்து முடிந்த குழாயில் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் ஊற்றிக் குலுக்குங்கள். மீத்தேனில் கார்பன் இருக்கிறது, எரிந்தால் தண்ணீரோடு கார்பன் டை ஆக்சைடும் வரும், சுண்ணாம்பு நீர் பால் மாதிரி கலங்கும். ஹைட்ரஜன் எரிந்த குழாயில் கலங்காது. கார்பன் நிறைய இருக்கிற வாயு என்றால் சுடரே காட்டிக்கொடுத்துவிடும். வாழைத்தாரைப் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகக் கார்பைடு கல் வைக்கிறார்களே, அந்தக் கல்லில் ஈரம் பட்டால் வருகிற அசிட்டிலீன் காற்றில் எரியும்போது கரியைக் கக்கும். அதே வாயு கேஸ் வெல்டிங் கடையில் ஆக்சிஜனோடு சேரும்போது கரி போய் இரும்பை உருக்குகிற சுடராக மாறிவிடுகிறது.

ஆக்சிஜன் என்றதும் நினைவுக்கு வருவது, விடைத்தாளில் அடிக்கடி பார்க்கிற ஒரு வரி: 'ஆக்சிஜன் நன்றாக எரியும் வாயு.' எரியாது. அது எரிந்தால் நாம் இருக்கிற காற்றில் ஐந்தில் ஒரு பங்கு தீக்குச்சி கிழித்த முதல் நாளே போயிருக்கும். அது மற்றதை எரிய வைக்கும். வெல்டிங் கடைக்காரருக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். ஆக்சிஜன் சிலிண்டர் வாயில் எண்ணெய்க் கையோ கிரீஸோ படவிடமாட்டார். சும்மா கிடக்கிற கிரீஸ் அங்கே தானாகவே பற்றிக்கொள்ளும்.

இந்தச் சோதனைக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். ஒரு உயரமான கண்ணாடி டம்ளரில் இரண்டு விரற்கடை ஊற்றி, பச்சை உருளைக்கிழங்கைத் துருவி ஒரு ஸ்பூன் போடுங்கள். கிழங்கில் இருக்கிற நொதி பெராக்சைடை உடைத்துத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் ஆக்கும். லேபில் இதே வேலையை மாங்கனீசு டை ஆக்சைடு செய்யும். நுரை பொங்கும். டம்ளரை ஒரு அட்டையால் ஒரு நிமிடம் மூடி வைத்துவிட்டு, ஊதுபத்திக் கங்கை மெதுவாக இறக்குங்கள். கங்கு முதலில் ஆரஞ்சிலிருந்து வெள்ளையாகப் பிரகாசிக்கும். அப்புறம் சின்னதாக ஒரு 'பக்', கொழுந்து வந்துவிடும். வெளியே எடுத்து ஊதி அணைத்துத் திரும்ப இறக்கினால் திரும்பவும் பற்றும். ஏழெட்டுத் தடவை கூட வரும். எனக்கு முதல் தடவை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்வத்தில் ஊதுபத்தியை நுரைக்குள்ளேயே குத்திவிட்டேன், 'சுர்' என்று அணைந்தது. பிள்ளைகள் முன்னால் அசடு வழிந்தது தனிக்கதை. நுரைக்கு மேலே நிறுத்த வேண்டும், ஈரம் படக்கூடாது.

கங்கு ஏன் கொழுந்தாகிறது? சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், 78 சதவீதம் நைட்ரஜன். அந்த நைட்ரஜன் எரிவதில் பங்கெடுக்காமல், வருகிற சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற விருந்தாளி. ஆக்சிஜன் நிறைந்த டம்ளரில் அந்த விருந்தாளிகள் குறைவு. சூடு கங்கிலேயே தங்கி ஏறும், ஏறினால் குச்சியிலிருந்து எரியக்கூடிய ஆவி அதிகம் கிளம்பும், அந்த ஆவி பற்றும்போது கொழுந்து. இதனால்தான் ஆக்சிஜனுக்குக் கங்கைத்தான் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே எரிகிற குச்சியைக் கொண்டுபோனால் கொஞ்சம் பிரகாசமாக எரிந்த மாதிரி இருந்ததா இல்லையா என்று சண்டைதான் மிஞ்சும். கங்கில் சண்டைக்கு இடமில்லை, பற்றியது அல்லது பற்றவில்லை. முழு நேர்மையாகச் சொன்னால் இங்கேயும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. மயக்கம் கொடுக்கப் பயன்படுத்தும் நைட்ரஸ் ஆக்சைடும் நல்ல சூடான கங்கைப் பற்ற வைக்கும். பள்ளியில் அது உங்கள் கைக்கு வராது, கவலை வேண்டாம்.

இனி சுண்ணாம்பு. கார்பன் டை ஆக்சைடு சோதனையில் குச்சி வெறும் சாட்சி, தீர்ப்பு சொல்வது சுண்ணாம்பு நீர். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு ஸ்பூனை ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி மூடி இரவு முழுக்க வைத்தால், காலையில் அடியில் வெள்ளை, மேலே கண்ணாடி போலத் தெளிந்த நீர். அந்தத் தெளிவை மட்டும் அசையாமல் வடித்தெடுங்கள். லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கரையாத பொருள் அது, ஆனால் அந்தக் கொஞ்சமே போதும். வடித்ததை இறுக மூடி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றில் இருக்கிற துளி கார்பன் டை ஆக்சைடுக்கே மேலே ஆடை கட்டிவிடும். ஸ்ட்ரா போட்டு அதில் ஊதினால் அரை நிமிடத்தில் பால். உறிஞ்சிவிடக்கூடாது, வாய் வெந்துபோகும்.

அந்தப் பால் எது என்று கேட்டால் பிள்ளைகள் 'கால்சியம் கார்பனேட்' என்று சரியாகச் சொல்வார்கள். அது கிளிஞ்சல் என்று சொன்னால் முழிப்பார்கள். முட்டம் கடற்கரையில் பொறுக்குகிற கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட்தான். அதைக் காளவாசலில் போட்டுச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் தெளித்தால் நீற்றுச் சுண்ணாம்பு. அதைக் கரைத்து வடித்ததுதான் நம் பாட்டில். சூளையில் விரட்டிவிட்ட வாயுவை இப்போது திரும்ப ஊதிக் கொடுக்கிறோம், உடனே அது பழையபடி கிளிஞ்சல் பொடியாகிவிடுகிறது. விடாமல் ஊதினால் பால் மறைந்து மறுபடி தெளியும், அது கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட் ஆவதால். பொறுமையில்லாத பையன்கள் ஊதிக்கொண்டே இருந்துவிட்டு 'சாரே, ஒண்ணும் வரல்ல' என்பது இதனால்தான்.

பனையேறிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு இன்னும் சுலபம். அக்கானி, அதாவது பதநீர், இறக்குகிற கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் விடிவதற்குள் புளித்து நுரைத்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட்டால் வேலை செய்ய முடியாது. அந்த நுரைக்குள் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. கள் இறக்கத் தடை என்பதால் நான் கருப்பட்டித் தண்ணீரில் ஈஸ்ட் போட்டு ஒரு பாட்டிலில் வைத்து, மூடியில் துளையிட்டு ஒரு குழாய் வழியாகச் சுண்ணாம்பு நீருக்குள் விடுவேன். ஒரு மணி நேரத்தில் பால் வந்துவிடும். அவசரம் என்றால் ஆப்பச் சோடாவில் வினிகர். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். டம்ளரிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இன்னொரு டம்ளருக்குள் எரியும் மெழுகுவர்த்தி மேல் 'ஊற்றினால்' அணையும். கண்ணுக்கு எதுவும் தெரியாமல் விளக்கு அணைவது, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

இதிலும் ஒரு ஓட்டை: கந்தக டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரைப் பாலாக்கும். ஆனால் அதற்கு மூக்கே போதும், தீக்குச்சி உரசியவுடன் வருகிற அந்த நெடி.

இப்போது முதலில் சொன்ன பையனின் பாட்டில். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை, துருப்பிடிக்காத ஸ்டீல் நார் அல்ல, வினிகரில் நனைத்துப் பிழிந்து ஒரு பாட்டிலின் அடியில் திணித்து, பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தேன். துருப்பிடிப்பதென்றால் ஆக்சிஜனைத் தின்பது என்று அர்த்தம். இரண்டு நாளில் நார் செம்பழுப்பாகி, தண்ணீர் பாட்டிலுக்குள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஏறி நின்றது. மிச்சம் நைட்ரஜன். தண்ணீருக்குள்ளேயே வாயை மூடி நிமிர்த்தி அவன் கையில் கொடுத்தேன். எரியும் குச்சி அணைந்தது. கங்கு பற்றவில்லை. பிறகு சுண்ணாம்பு நீர் ஊற்றிக் குலுக்கச் சொன்னேன். குலுக்கினான், இன்னும் குலுக்கினான், பால் வரவில்லை. கோட்டை அழித்தான்.

அம்மோனியாவுக்கும் குச்சி அணையும். ஆனால் அதற்குக் குச்சி எடுத்துக்கொண்டு போவதே வேண்டாத வேலை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் கெட்டியாகாமலிருக்க அம்மோனியா கலந்து வைத்த பீப்பாயைத் திறக்கும்போது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கண்ணே சொல்லிவிடும். லேபில் கையால் விசிறி லேசாக முகர வேண்டும், குழாயில் மூக்கை வைக்கக்கூடாது. நனைந்த சிவப்பு லிட்மஸ் நீலமாகும். லிட்மஸ் இல்லையென்றால் செம்பருத்தி இதழைக் கசக்கித் தாளில் தேய்த்துக் காட்டுங்கள், பச்சையாக மாறும். கதம்பை (தேங்காய் மட்டை) அழுகப்போட்ட குட்டைப் பக்கம் வருகிற அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. அது எரியும், ஆனால் விஷம், கொளுத்திப் பார்க்கிற பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டாம்.

கிணறு தூர்வார இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதுவும் இதே சோதனைதான், இரண்டாவது கேள்வி. விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது, அதில் சந்தேகமில்லை. அணையாவிட்டால் இறங்கலாமா என்பதில்தான் சிக்கல். ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்குக் குறையும்வரை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதற்குள்ளேயே மனிதனுக்கு நிதானம் தவற ஆரம்பித்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடோ, பம்ப் இன்ஜின் விட்ட புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடோ ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் விளக்கு பாட்டுக்கு எரியும். மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்குக் காரணமாகும். அதனால் கிணற்றுக்கு விளக்கு போதாது. வாயு அளக்கும் கருவியும், மேலிருந்து காற்று செலுத்துவதும், கயிறு கட்டி மேலே ஆள் நிற்பதும் வேண்டும்.

போன வாரம் பிள்ளைகளுக்கு நாலு கொடுத்தேன், பெயர் எதுவும் ஒட்டாமல். ஒன்று கவிழ்த்து மூடிய சோதனைக்குழாய், மூன்று பாட்டில்கள். குழாய் 'பாப்' என்றது, சுண்ணாம்பு நீர் கலங்கவில்லை, ஹைட்ரஜன் என்று எழுதினார்கள். முதல் பாட்டிலில் கங்கு பற்றியது. இரண்டாவதில் குச்சி அணைந்து, சுண்ணாம்பு நீர் பாலானது. கடைசிப் பாட்டிலில் எரியும் குச்சி கொஞ்ச நேரம் எரிந்தது. சத்தமில்லை. கங்கு பற்றவுமில்லை, அணையவுமில்லை. சுண்ணாம்பு நீரும் தெளிவாகவே இருந்தது. கோடு போட்ட பையன் இந்தத் தடவை எதுவும் எழுதாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள், ஒன்றும் பொருந்தவில்லை.

கடைசியில் ஈரம் பற்றிக் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைதான் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை ஒரு முறை முறைத்தாள். "சாரே, இது சும்மா காத்துதானே?"